நாக்கு குழறுகிறவன் எல்லாம் குடிகாரன் இல்லை

2023 தைப்பூசம். பேராக்கில் ஒரு கோயில். காலையிலிருந்து நடந்து களைத்துப்போய், தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு தம்பியிடம் மோர் கேட்டேன். அந்தச் சொல்லின் கடைசியில் வரும் 'ர்' எனக்கு வராது. நாக்கில் இடது பக்கம் ஒரு பகுதி இல்லை. நான் கேட்டது அவர் காதில் எப்படி விழுந்ததோ தெரியவில்லை. ஒரு அடி பின்னால் போய், "அண்ணே, தண்ணி போட்டுட்டுக் கோயிலுக்கு வராதீங்க. மரியாதையாப் போயிடுங்க," என்றார்.

அன்றைக்கு நான் குடியை விட்டு மூன்றரை வருஷம்.

பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பிக்கு என்னைத் தெரியும். அவர் காதில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த முதல் தம்பி இரண்டு குவளை மோரோடு என் பின்னால் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபமில்லை. இருபது வருஷம் நிஜமாகவே குடித்துவிட்டுக் கோயில் வாசலில் நின்றவன்தான் நான். அப்போதெல்லாம் யாரும் தடுத்ததில்லை. தடுத்த ஒரே நாள், நான் குடிக்காத நாள்.

அந்தத் தம்பியிடம் சொல்ல நினைத்ததை இந்த ஆண்டு இளைஞர் வகுப்பில் பேசினேன். என் பேச்சு பாதிப் பேருக்குப் புரியவில்லை, அதனால் எழுதித் தரச் சொன்னார்கள். இதோ.

நான் 1972-இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலை பெரட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டு, மதியம் பால் நிறுவை, சாயங்காலம் கள்ளுக்கடை. அப்பாவின் நாள் அப்படித்தான் போகும். கள்ளுக்கடை என்பது யாரோ திருட்டுத்தனமாக நடத்தியதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் வாங்கி, தோட்டத்து நிலத்திலேயே நடந்தது. உழைத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போகும். இதை எதிர்த்து நம் ஆட்கள் போராடவில்லை என்று நினைக்காதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போர் முடிந்தபின் 1946, 47-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்து போலீஸ் அடி வாங்கினார்கள். உங்கள் வயசுப் பிள்ளைகள் அவர்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் கைமாறிச் செம்பனை வந்தது. பிறகு ஒரு பகுதி தாமான் ஆனது. லயத்தை விட்டு வெளியேறி ஈப்போ, புந்தோங் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். மரமும் கிராணியும் கள்ளுக்கடையும் தோட்டத்தோடு போயின. குடி மட்டும் எங்களோடு லாரி ஏறி வந்தது. கள்ளைவிடப் பல மடங்கு காட்டமான சம்சு, சின்னச் சின்னப் போத்தலில், சில வெள்ளிக்கு. நான் லாரி அட்டெண்டன், பிறகு டிரைவர். வேலை முடிந்து ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, கை நடுங்கும்போது காலையில் ஒன்று. அந்தக் காலை ஒன்று வந்த பிறகு நாம் குடிப்பதில்லை தம்பி, மருந்து எடுக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மதுவுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டார். ஈரல் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும், நாக்கு எப்படி என்றார். சரியான கேள்வி. குடித்த மதுவை உடம்பு முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. இந்த மாற்றம் ஈரலில் மட்டும் நடப்பதில்லை, வாயில் இருக்கும் கிருமிகளும் அதைச் செய்கின்றன. அந்த நச்சு செல்லுக்குள் இருக்கும் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை 1988-லேயே, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாம் அதில் அடங்கும். சிகரெட்டும் சேர்ந்தால் இரண்டு ஆபத்தும் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். கொட்டைப்பாக்கைத் தனியாகவே 2004-இல் அதே பிரிவில் சேர்த்தார்கள். புகையிலை வைக்காத வெறும் வெற்றிலை பாக்குகூடத் தப்பில்லை என்று நினைக்கிற நம் பாட்டிகளுக்கு இதை யார் சொல்வது? மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் வாய்ப்புற்று நம்மவர்களிடம்தான் அதிகம். குடி, சிகரெட், வெற்றிலை மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும் சமூகத்துக்கு வேறென்ன வரும்.

எனக்கு வந்தது நாக்கின் ஓரத்தில் ஒரு புண். கடைவாய்ப்பல் கூராக இருந்து உரசுகிறது என்று நினைத்தேன். "உடம்புச் சூடு" என்றார்கள். தேன் தடவினேன், இளநீர் குடித்தேன். எரிச்சல் தெரியாமல் இருக்க இன்னும் கொஞ்சம் குடித்தேன். ஐந்து மாசம் போனது. காது வலி வந்தது. காதில்தான் ஏதோ என்று காதுக்கு மருந்து ஊற்றினேன். நாக்கு வலி காதுக்கு ஏறும் என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் மனைவி இழுத்துக்கொண்டு போனது அரசாங்கப் பல் கிளினிக்குக்கு. பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அந்தப் பல் டாக்டர் நாக்கைத் துணியால் பிடித்து ஓரமாக இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், முகம் மாறியது. அன்றைக்கே கடிதம்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாத கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்த குரல், விழுங்கும்போது சிக்கல். இவற்றில் ஒன்று வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒரு வெள்ளியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தேன் பிறகு தடவலாம்.

2019 பிப்ரவரியில் ஆபரேஷன். நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தில் இடது பக்க நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். அதற்கு முன் மயக்க டாக்டர் வந்து, "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். வெட்கம். "வாரத்துக்கு ரெண்டு பீர், டாக்டர்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் என்னைக் கொல்லப் பார்த்தது இதுதான்.

தினமும் குடிக்கும் உடம்பில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் மூளை தறிகெட்டு ஓடும். ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இதில் ஆள் சாகலாம். எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. வார்டு முழுக்க ரப்பர் மரம். வரிசை வரிசையாக விளக்குகள். செத்துப் பதினொரு வருஷமான அப்பா தலைவிளக்கோடு வந்து, "எழுந்திரு, பெரட்டுக்கு நேரமாச்சு," என்கிறார். நானும் எழுந்தேன். கழுத்தில் தையல், மூச்சுக்குத் தொண்டையில் குழாய், மூக்கில் இன்னொன்று. எல்லாவற்றையும் பிடுங்கப் பார்த்தேன். நான்கு பேர் பிடித்திருக்கிறார்கள். என் மனைவிதான் அந்த ராத்திரியில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள்: தினமும் ஒரு பெரிய போத்தல் சம்சு, பதினைந்து வருஷமாக. அதன்பிறகுதான் சரியான மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் ஏற்றினார்கள்.

ஆகவே வீட்டில் தினமும் குடிக்கும் அப்பாவோ மாமாவோ இருந்து, அவர் ஆபரேஷனுக்குப் போகிறார் என்றால், அளவை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள். டாக்டர் போலீஸ்காரர் இல்லை. அதேபோல், "நாளையிலிருந்து நிறுத்தப் போறேன்" என்று ஒருவர் வீராப்பாகச் சொன்னால் கைதட்டிவிட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கோயிலில் கயிறு கட்டி நிறுத்த வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கயிறும் கட்டுங்கள், மருந்தும் வாங்குங்கள்.

ரேடியேஷனுக்குப் பினாங்கு போனேன். ஆறு வாரம், திங்கள் முதல் வெள்ளிவரை, முப்பது முறை. முகத்துக்கு அளவெடுத்த பிளாஸ்டிக் வலையைப் போட்டு மேசையோடு சேர்த்து இறுக்குவார்கள், அசையக்கூடாது. அதற்கு முன்பே ஆறு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு லேசில் ஆறாது என்பதால் சொத்தைப் பல்லை முன்கூட்டியே எடுப்பது வழக்கம். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் முழுக்கப் புண், எச்சில் இல்லை, ருசி இல்லை. தண்ணீரே கண்ணாடித் துண்டு மாதிரி இறங்கும். வயிற்றில் குழாய் போட்டு, சிரிஞ்சில் பால் ஏற்றினார்கள். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக ஏற்றினால் ஆபத்து என்று உணவியல் அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார். மனைவிக்குத் தொழிற்சாலை வேலை, விட முடியாது. மச்சான் சம்பளமில்லாத லீவு போட்டு என்னோடு ஆறு வாரம் வாடகை அறையில் இருந்தார். அவரும் குடிப்பவர்தான். அந்த ஆறு வாரம் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

இனிச் சொல்லப்போவதை வகுப்பில் நான் சொல்லவில்லை. எழுத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் மாசம். வைத்தியம் முடிந்து மூன்று மாசம். எல்லாரும் "தப்பிச்சிட்ட" என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஆட்கள் சுற்றி இருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின்தான் நாள் நீளமாகும். வேலை இல்லை, பேச்சு இல்லை, சோறு இல்லை. பழைய கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார், பாசத்தோடுதான். "வாயில குடிச்சாத்தானடா எரியும், குழாய்ல ஊத்து," என்று சொல்லி ஒரு போத்தலை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அதை அலமாரியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பால் ஏற்றும் அதே சிரிஞ்சில் ஊற்றி ஏற்றினேன்.

தம்பி தங்கைகளே, இருபது வருஷம் நான் "ருசிக்குத்தான் குடிக்கிறேன்", "கூட்டாளிகளோட சந்தோஷத்துக்குக் குடிக்கிறேன்" என்று சொன்னவன். அன்றைக்கு ருசி இல்லை, வாயே இதில் இல்லை. கூட்டாளி இல்லை, சிரிப்பு இல்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து வயிற்றுக்குள் நேராக ஊற்றிக்கொண்ட ஒரு ஆள் மட்டும் இருந்தான். நான் எதற்காகக் குடித்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லாமல் போவதற்காகக் குடித்திருக்கிறேன்.

பள்ளியிலிருந்து வந்த மகள்தான் முதலில் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு. ஒன்றும் சொல்லவில்லை. சிரிஞ்சைக் கழுவி வைத்தாள். அதுதான் கடைசி.

கடைசி என்றால் மனவலிமையால் நின்றேன் என்று அர்த்தமில்லை. மறுவாரம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை என்றால் நம் ஊரில் கேலிப் பேச்சு. 1911-இலிருந்து இருக்கும் அந்த உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையில் குடிநோய்க்கும் சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருந்து விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை, மார்பின் வகை வலி மருந்தை வேலை செய்யவிடாது. புற்றுநோய் டாக்டருக்குக் குடி டாக்டர் கொடுப்பது தெரிய வேண்டும், அவருக்கு இவர் கொடுப்பது தெரிய வேண்டும். இரண்டு அட்டையையும் ஒரே பையில் வைத்து இரண்டு இடத்திலும் காட்டுவது என் மனைவியின் யோசனை. வலி மருந்துக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொள்வதும் தப்பு. பொறுக்க முடியாத வலிதான் மனிதனை மறுபடி போத்தலிடம் அனுப்பும். வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் மருந்து சிலவற்றில் மது உண்டு. லேபிளைப் படியுங்கள்.

பிறகு ஏ.ஏ. கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சர்ஜனும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துத் தொடங்கியது. நம்மைவிட மேலான சக்தி என்று சொல்வார்கள், அது யார் என்று அவரவர் முடிவு. எனக்கு முருகன். முதல் கூட்டத்தில் என் பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார். நான் எழுத, அவர் உரக்க வாசித்தார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கூட்டங்கள் போனுக்கு மாறியபோது, போனில் என் குழறல் இன்னும் மோசம். அந்தப் பெரியவர் தினம் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவார். நான் "ம்" என்றால் போதும், குடிக்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையாரைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். குடியால் கணவரை இளம் வயதில் இழந்தவர். 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று அறியப்படும் குடிநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே சென்னையில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். என் இரண்டு நோய்க்கும் தமிழில் வழி திறந்தவர்கள் வீட்டில் இழவு விழுந்த பெண்கள். ஆண்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள்.

"குடிச்சான், அனுபவிக்கிறான். வினை." இதை என் காதுபடவே சொன்னார்கள். வினைப்பயன் என்பது நம் சமயத்தில் பெரிய விஷயம், எனக்கு விளக்கும் தகுதி இல்லை. ஆனால் ஒன்று தெரியும். குடியே தொடாமல் வெற்றிலை மட்டும் போட்ட என் அத்தைக்கும் இதே நோய் வந்தது. பழிச்சொல்லுக்குப் பயந்துதான் நான் ஐந்து மாசம் வாயைத் திறந்து காட்டாமல் இருந்தேன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே, 93-ஆவது, எழுதியிருக்கிறார். அதைக் குடிக்காதவனுக்குப் படித்துக் காட்டுங்கள், பலன் உண்டு. குடிநோயாளிக்குப் படித்துக் காட்டினால் அவன் இன்னொன்று ஊற்றிக்கொள்வான். மகாபாரதத்தில் சுக்கிராச்சாரியார் கதை எனக்குப் பிடிக்கும். அசுரர்கள் கசனைக் கொன்று எரித்து அந்தச் சாம்பலை மதுவில் கலந்து கொடுக்க, அவ்வளவு கற்ற குரு தெரியாமல் குடித்துவிடுகிறார். சீடன் வயிற்றுக்குள்ளிருந்து பேசுகிறான். அதன் பிறகுதான் அவர் மதுவை விலக்கி வைக்கிறார். குடித்து, கெட்டு, பிறகு விதி செய்தவர். சம்சுக் கடையில் "சிவனே நஞ்சு குடிச்சவர்தானே" என்று சொல்லிச் சிரிப்போம். அந்த நஞ்சு கீழே இறங்காமல் அம்பாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள் என்ற பாதியை அங்கே யாரும் சொல்வதில்லை.

சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் படையலுக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பது வழக்கம். வருஷத் திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பமெல்லாம் வரும். படைத்ததைப் பிரசாதம் என்று குவளையில் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் சாமி குத்தம். முதல் வருஷம் நான் போகவேயில்லை. இரண்டாம் வருஷம் போய்ப் பூசாரியிடம் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "காவல் தெய்வம்டா அவரு. காவல் காக்கத்தான் இருக்காரு," என்று சொல்லி விபூதி மட்டும் பூசிவிட்டார். படையலை நிறுத்துங்கள் என்று உங்களைத் தூண்டிவிட வரவில்லை. நீட்டும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

கல்யாண வீட்டில் "ஒரு பெக்தானே மாமா" என்பதும் அதே ரகம். சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து குடிப்பவருக்கு வாயிலோ தொண்டையிலோ இரண்டாவது புற்று வரும் வாய்ப்புக் கூடும். அந்த ஒரு பெக் அன்பு இல்லை. அன்பு என்றால் குழம்பு காரமில்லாமல் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். எச்சில் ஊறாத வாய்க்கு ரசம் விட்டுக் குழைத்த சோறு சொர்க்கம். இளைஞர்கள் உடனே செய்யக்கூடியது இன்னொன்று: பாரம். சொக்சோவில் ஊனநிலை ஓய்வூதியம் உண்டு, இபிஎஃப்பில் கடும் நோய்க்குப் பணம் எடுக்க வழி உண்டு. எனக்கு அந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு எஸ்.பி.எம். மாணவி. ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவளுக்கு அது ஒன்றுமில்லை, எங்களுக்கு வாடகை.

பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ர, ல, ள, ழ சொல்ல வேண்டும். "தமிழ்", "வாழைப்பழம்", "பழநி". மற்றதெல்லாம் தேறி வருகிறது, ழ மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆபரேஷனுக்கு முன்பும் உங்களுக்கு ழ சரியாக வந்ததில்லை அப்பா என்கிறாள் மகள். போன தைப்பூசத்தில் அந்தப் பந்தல் தம்பி என்னைப் பார்த்ததும் தானே மோர் எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டுத்தான் வாங்குவேன் என்று கையைக் காட்டி நிறுத்தி, மூன்று தடவை முயற்சி செய்து சொன்னேன். அவர் பொறுமையாக நின்றார்.